பிரீமியர் பத்மினி கார் பாதி வழியில் நின்றுவிடுகிறது, அவசரம், யாராவது சொல்லுங்கள்

விருதை_பத்மினி
வணக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை குறைந்து, இருமி இருமி வண்டி நின்றுவிடுகிறது. அப்புறம் எத்தனை செல்ஃப் அடித்தாலும் எடுப்பதில்லை. இருபது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி எடுக்கிறது. இரண்டு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டேன். ஒருவர் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், இன்னொருவர் நாலு பிளக்கையும் மாற்றினார். 1,400 ரூபாய் போனதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டு விசேஷத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரை போக வேண்டும். அப்பா ஓட்டிய வண்டி, இதில்தான் வருவேன் என்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவை_கார்த்தி
எந்த வருட வண்டி? பெட்ரோலா, கேஸ் மாட்டியதா? எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு நிற்கிறது? டெம்பரேச்சர் முள் எங்கே இருக்கிறது? இதெல்லாம் சொல்லாமல் எதை வைத்துச் சொல்வது?

நெல்லை_அம்பாசிடர்
சந்தேகமே வேண்டாம், வேப்பர் லாக். இன்ஜின் சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. பம்ப் மேல் ஒரு ஈரத்துணியைச் சுற்றுங்கள். என் அம்பாசிடரில் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் துணியும் தண்ணீர்ப் பாட்டிலும் டேஷ்போர்டிலேயே இருக்கும்.

ஆட்டோ_ஆசான்
இதே கேள்விக்கு இங்கே குறைந்தது பத்துத் தடவை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பொறுமைகூட இல்லாதவர்கள் பழைய வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது. இன்ஜினே ஓட்டும் மெக்கானிக்கல் பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரிக் பம்ப் மாட்டுங்கள். எந்தப் புது கார் பம்பாக இருந்தாலும் சரி. பிரச்சினை அத்தோடு முடிந்தது.

கோவை_கார்த்தி
ஆசான் சார், மன்னிக்கவும், இதைப் படித்துவிட்டு யாராவது அப்படியே செய்தால் ஆபத்து. இப்போதைய இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் தள்ளும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வு தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்குதான். பெட்ரோல் பொங்கி வழிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் விழும். எலக்ட்ரிக் பம்ப் வேண்டுமென்றால் கார்புரேட்டர் வண்டிக்கென்றே உள்ள குறைந்த அழுத்தப் பம்பை மாட்டலாம். அதுவும் குறை எது என்று தெரிந்த பிறகுதான்.

ஆட்டோ_ஆசான்
நான் முப்பது வருடமாக வண்டி பார்க்கிறேன் தம்பி. அழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டர் போட வேண்டும் என்பது விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

திருச்சி_ரவி
எனக்கு இது கரண்ட் கோளாறாகத்தான் தெரிகிறது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கண்டென்சர் சூடானால் செத்துப்போகும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். இக்னிஷன் காயிலும் அப்படித்தான். இப்போது கடையில் கிடைக்கும் புது கண்டென்சர்கள் ஆறு மாதம் தாங்கினாலே பெரிது. சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழைய கம்பெனி சரக்கு கிடைத்தால் ரெண்டாக வாங்கி, ஒன்றை வண்டியிலேயே போட்டு வையுங்கள்.

விருதை_பத்மினி
எல்லோருக்கும் நன்றி. கடையில் இருந்ததால் உடனே பார்க்க முடியவில்லை. 1986 மாடல், பெட்ரோல்தான். டெம்பரேச்சர் சரியாக இருக்கிறது. விருதுநகரிலிருந்து மதுரைக்குக் கடைச் சரக்கு எடுக்கத் தினமும் போய்வருகிறேன். திருமங்கலம் தாண்டி, கப்பலூர் டோல் பக்கம் வந்தால் நிற்கிறது. 30 கிலோமீட்டர் இருக்கும். நேற்று ஈரத்துணி போட்டேன், கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டது! அப்படியானால் வேப்பர் லாக்தானா?

நெல்லை_அம்பாசிடர்
சொன்னேனே! துணியை விடாதீர்கள். இப்போது வருகிற, 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலால் இது இன்னும் கூடிவிட்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கிறது. பம்ப் டயாஃப்ரம், குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள்.

ஃபியட்_மீனா
தம்பி, ஒரு நிமிடம். துணி போடாமலே இருபது நிமிடத்தில் எடுக்கிறது என்று முதலில் நீங்கள்தான் எழுதினீர்கள். துணி போட்டுக் கால் மணி நேரத்தில் எடுத்தால் அது துணியின் வேலையா, கால் மணி நேரத்தின் வேலையா? எதைச் செய்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தாலும் வண்டி எடுத்திருக்கும். அதனால் துணியை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

நான் கேட்பது இரண்டுதான். எத்தனை மணிக்கு நிற்கிறது? தினமும் நிற்கிறதா, சில நாள் மட்டுமா?

அடுத்த முறை நின்றவுடனே, ஆறுவதற்கு முன்பே, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிக் கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். கையால் ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்தால் மெல்லிய நூல் மாதிரி பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் ரவி சார் சொல்லும் கரண்ட் பக்கம் போங்கள். வறண்டு கிடந்தால் பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம், கண்டென்சருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அந்த நேரம் பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ_ஆசான்
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இந்த வயதான வண்டிகளைத் தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுவதே தவறு. ஷெட்டில் வைத்துத் துடைத்து, விண்டேஜ் பதிவு வாங்கி, மாதம் ஒருமுறை வெளியே எடுக்க வேண்டும். அதுதான் வண்டிக்குக் கொடுக்கும் மரியாதை.

கோவை_கார்த்தி
1986 வண்டிக்கு விண்டேஜ் பதிவே கிடைக்காது சார். 2021 விதிப்படி 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும்.

ஃபியட்_மீனா
என்னிடம் இருப்பது 1967 ஃபியட் 1100. வயதுப்படி அதற்கு விண்டேஜ் வண்டிக்கான வி.ஏ. நம்பர் வாங்கலாம், ஆனால் நான் வாங்கவில்லை. அந்தப் பதிவில் வண்டியைக் கண்காட்சிக்கும் ரேலிக்கும் கொண்டுபோகலாம், பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. நான் இதில்தான் பள்ளிக்கூடம் போகிறேன், காய்கறி வாங்குகிறேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நின்று ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்கிறேன். கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் கட்டுகிறேன்.

நிறுத்தி வைப்பது மரியாதை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்று மாதம் ஓடாமல் கிடந்த ஃபியட்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக் கிடந்தது, பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது, தண்ணீர் பம்ப் சீல் வெடித்திருந்தது. தினமும் ஓடுகிற வண்டியில் கோளாறு சின்னதாக இருக்கும்போதே காதில் விழுந்துவிடும். மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பத்மினிகளை நினைத்துப் பாருங்கள். கடைசியாகப் பதிவான டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவாகி, 20 வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபரில்தான் ஓட்டத்தை நிறுத்தியது. அதுவரை பகலும் ராத்திரியும் சவாரி அடித்த இன்ஜின் இது.

ஆட்டோ_ஆசான்
டாக்ஸியையும் சொந்த வண்டியையும் ஒப்பிடக் கூடாது.

யாழ்_ஏ40
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் யாழ்ப்பாணம். எங்கட ஐயாவின் ஒஸ்ரின் ஏ40 கார் தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடினது. பெற்றோல் தங்கம் மாதிரி. ஒரு சின்னப் போத்தலில் வைத்துக் கார்புரேட்டருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, இன்ஜின் சூடாகின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவம். வெள்ளைப் புகை, பிளக்கெல்லாம் கரி, ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிப் போச்சுது. இந்த வண்டிகளை ஷெட்டில் வைக்கச் சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கு. ஓட்டுங்கோ தம்பி.

திருச்சி_ரவி
யாழ் அண்ணா, தனி இழை தொடங்கி இதை விரிவாக எழுதுங்கள். மண்ணெண்ணெய்க்காகப் பிளக் பொறி விடும் டைமிங்கை மாற்றினீர்களா?

விருதை_பத்மினி
மீனா அக்கா, காலை எட்டரை மணி வாக்கில்தான் நிற்கிறது. மத்தியானம் இரண்டு மணி வெயிலில் திரும்பி வரும்போது நிற்பதில்லை. யோசித்துப் பார்த்தால் திங்கள், செவ்வாய்தான் மோசம். வெள்ளிக்கிழமை நின்றதே இல்லை. இன்று நின்றபோது கார்புரேட்டரில் பார்த்தேன். வறண்டுதான் கிடந்தது.

ஃபியட்_மீனா
அப்படியானால் கண்டென்சர் இல்லை. எட்டரை மணிக்கு நின்று, இரண்டு மணி வெயிலில் ஓடுகிற வண்டிக்கு வேப்பர் லாக்கும் இல்லை. பெட்ரோல் என்றைக்குப் போடுகிறீர்கள்? டேங்க் மூடி பழையதா, புதியதா?

விருதை_பத்மினி
திங்கள் காலையில் ஃபுல் டேங்க், நடுவில் ஒரு தடவை கொஞ்சம் போடுவேன். மூடி புதியது. பழைய மூடியைப் பெட்ரோல் பங்கிலேயே மறந்து வைத்துவிட்டேன். போன மாதம் சாவி போட்ட மூடி ஒன்று வாங்கினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஃபியட்_மீனா
சம்பந்தம் இருக்கிறது தம்பி. உங்கள் வண்டியில் டேங்க் மூடி வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் உள்ளே உறிஞ்சல் ஏறும், பம்பால் இழுக்க முடியாமல் போகும். டேங்க் நிறைய இருக்கும்போது மேலே காற்றுக்கான இடம் மிகக் கொஞ்சம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 30 கிலோமீட்டரில் இரண்டரை லிட்டர் போய்விடும். மேலே மூன்று லிட்டர் காற்றுதான் இருந்தது என்றால் உள்ளே அழுத்தம் நன்றாகவே இறங்கிவிடும். அதுவே டேங்க் பாதி காலியாக இருந்தால் அந்த இரண்டரை லிட்டர் பெரிய விஷயமே இல்லை. அதனால்தான் திங்கட்கிழமை நிற்கிறது, வெள்ளிக்கிழமை ஓடுகிறது. நிறுத்திப் போட்டால் மூடி ஓரமாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகிறது. உங்கள் இருபது நிமிடக் கணக்கு அதுதான்.

நாளை ஃபுல் டேங்க் போட்டுக் கிளம்புங்கள். நின்றதும் வேறு எதையும் தொடாமல் மூடியை மட்டும் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். உடனே செல்ஃப் அடித்துப் பாருங்கள்.

நெல்லை_அம்பாசிடர்
இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் ரப்பர் குழாய்களை மாற்றச் சொன்னது மாற்றச் சொன்னதுதான்.

ஆட்டோ_ஆசான்
மூடியைப் பற்றி 2019-லேயே எழுதியிருக்கிறேன்.

விருதை_பத்மினி
உஸ்ஸென்றுதான் இழுத்தது அக்கா. பக்கத்தில் நின்ற லாரிக்காரருக்கே கேட்டது. ஐந்தாறு செல்ஃபில் எடுத்துவிட்டது. நன்றி. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு முடிந்து வருகிறேன்.

ஃபியட்_மீனா
மகிழ்ச்சி. ஞாயிறு வரை மூடியை முழுதாக இறுக்காமல் வைத்து ஓட்டாதீர்கள், பெட்ரோல் சிந்தும். காற்றுத் துளை உள்ள மூடி கிடைக்கும் வரை முக்கால் டேங்குக்கு மேல் நிரப்பாமல், வழியில் ஒருமுறை நிறுத்தித் திறந்து மூடினால் போதும். இந்த மூடியிலேயே துளை போடுவதாக இருந்தால் வண்டியிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டு, இரும்புத் தூளை ஊதித் துடைத்த பிறகு மாட்டுங்கள்.