குளோதோ மரபணு: தமிழில் என்ன பெயர்?

பெரம்பூர் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்குக் குளோதோ மரபணு பற்றிப் பலகை வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை திருவல்லிக்கேணியில் பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாக வேண்டும். 1997-இல் ஜப்பானில் மகோத்தோ குரோ-ஓ குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். இந்த மரபணு பழுதான எலிகளுக்குச் சீக்கிரமே மூப்பு, இரத்தக்குழாயில் சுண்ணாம்புப் படிவு, இரண்டு மாத அளவில் சாவு. கிரேக்கக் கதையில் உயிர்நூலை நூற்பவள் குளோதோ. அவள் பெயரையே வைத்துவிட்டார்கள். தமிழில் ‘ஆயுள் மரபணு’ சரிதானா?

மயிலாப்பூர் புலவர்:
அம்மா, ஆயுள் வடசொல். நூற்பவள் நம்மிடம் இல்லையா? புறநானூறு 125-இல் பருத்திப் பெண்டு இருக்கிறாள். அவள் கையில் பனுவல். முதலில் பஞ்சுக்குப் பனுவல், பின்னர் ஏட்டுக்கும் பனுவல். மரபணுவும் ஓர் ஏடுதானே! ‘பனுவலி’ என்க. போகிற போக்கில் ஒன்று: ஜீன் என்பதே நம் ‘ஈன்’தான்.

அம்பத்தூர் மென்பொருளாளர்:
ஐயா, ஜீன் என்ற சொல்லை 1909-இல் உருவாக்கியவர் யோகான்சன் என்ற டென்மார்க்காரர். அதன் வேர் கிரேக்கம். ‘ஈன்’ என்றால் முன்னால் ஜகரம் எங்கிருந்து வந்தது?

மயிலாப்பூர் புலவர்:
வந்ததுதான் தம்பி பிழை. தமிழில் ஜகரம் மொழிமுதலில் வராது. (நீண்ட மடல் தனியே அனுப்புகிறேன்.)

கீழ்ப்பாக்கம் சிறுநீரக மருத்துவர்:
தயவுசெய்து அனுப்பாதீர்கள் ஐயா. ‘ஆயுள்’ எனக்கும் வேண்டாம், வடசொல் என்பதற்காக அல்ல, அது பொய்யாகிவிடும். மனிதரில் இந்த மரபணு 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இதன் புரதம் பெரும்பாலும் சிறுநீரகத்தில் உருவாகி, பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. பாஸ்பேட் தேங்கினால் இரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறும். இதயமும் இப்படித்தான் பாதிக்கப்படுகிறது. கே.எல்-வி.எஸ் என்று இந்த மரபணுவுக்கு ஒரு மாற்றுரு உண்டு: அதன் புரதத்தில் 352-ஆம் இடத்தில் வேலின், 370-இல் செரின் என்ற அமினோ அமிலங்கள் மாறி வந்திருக்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்து, ஒரு பிரதி உள்ளவர்கள் நீண்டநாள் வாழ்வதாகச் சில ஆய்வுகள் காட்டின. ஆனால் இரண்டு பிரதி இருந்தால் நேர்மாறு! பலகையில் ‘ஆயுள்’ என்று படித்தவர், மறுநாள் என் முன்னால் உட்கார்ந்து “அதுக்கு மாத்திரை இருக்கா டாக்டர்?” என்பார்.

பெரம்பூர் ஆசிரியை:
வகுப்பில் ‘பனுவலி’ சொல்லிப் பார்த்தேன். திருவான்மியூரில் ‘பனுவல்’ என்று இருக்கிறதே, அந்தப் புத்தகக் கடையா என்றாள் ஒருத்தி. கடைசி பெஞ்சிலிருந்து, “எங்கே மிஸ் வலி?”

அம்பத்தூர் மென்பொருளாளர்:
‘நூற்பி’?

கீழ்ப்பாக்கம் சிறுநீரக மருத்துவர்:
கோயம்புத்தூர் மில்லில் வாங்கிய மெஷின் மாதிரி இருக்கிறது. ஆள் பெயரை மொழிபெயர்ப்பதே எதற்கு? குளோதோ என்றே போட்டு, கீழே ‘நூற்பவள்’ என்று கதையை ஒரு வரியில் சொல்லுங்கள்.

அம்பத்தூர் மென்பொருளாளர்:
சரி, எனக்கும் அதுவே. தூக்கம் வருகிறது.

பெரம்பூர் ஆசிரியை:
நன்றி. ‘குளோதோ மரபணு’, ‘குளோதோ புரதம்’ என்று அடிக்கக் கொடுத்துவிட்டேன். மாலை நான்கு மணிக்குக் கைக்கு வரும்.

மயிலாப்பூர் புலவர்:
என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அது கிடக்கட்டும், குளோதோப் புரதம் அல்லவா? ஒற்று மிகாதா? பிளெக்ஸில் ஒரு ‘ப்’ ஒட்ட இடமிருக்குமா அம்மா?