பூஞ்சை பிடித்த ஃபிளாப்பியும் புகைந்த பெட்டியும்: பழைய கணினிகளோடு பட்ட பாடு

உப்புக்காற்று (நாகப்பட்டினம்)

அப்பா இறந்த மூன்றாம் மாதம் பரணை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே எட்டு ஃபிளாப்பிகள். ‘ஊர்க்கதை 1’ முதல் ‘ஊர்க்கதை 8’ வரை நீல மையில் அப்பாவின் கையெழுத்து. 1998-இல் எங்கள் ஊர்க் கோயில், குளம், வாய்க்கால், பிழைக்கப் போன குடும்பங்கள் பற்றியெல்லாம் ஒரு புத்தகம் போடப் போவதாகச் சொல்லி, கடைத்தெரு டி.டி.பி. மையத்தில் மாலைதோறும் உட்கார்ந்து தட்டச்சு செய்வித்தார். அச்சுக்குப் பணம் சேரவில்லை. புத்தகம் அந்த டின்னோடு நின்றுபோனது.

கடலோர ஊரில் இருபத்தைந்து ஆண்டு கிடந்த பொருள் எப்படி இருக்கும்? ஒரு ஃபிளாப்பியின் தகரமூடியை நகர்த்திப் பார்த்தேன். கரும்பழுப்பு வட்டின் மேல் தேமல் போல வெள்ளைப் பூஞ்சை. அவசரப்பட்டு யு.எஸ்.பி. டிரைவில் போட்டேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. பூஞ்சை டிரைவின் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போட்ட வட்டையும் கீறியது. யாராவது இதே வேலையில் இறங்குவதாக இருந்தால், முதலில் கழுவுங்கள். பிளாஸ்டிக் உறையைப் பக்குவமாகப் பிளந்து வட்டை மட்டும் எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவைத்து, வேறொரு ஃபிளாப்பியின் உறையில் செருக வேண்டும்.

பிறகு கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகை ஒன்றை வாங்கினேன். பழைய 34 முள் ஃபிளாப்பி டிரைவை யு.எஸ்.பி. வழியாக இணைக்கும். சாதாரண டிரைவ் ஒரு செக்டாரை, அதாவது வட்டின் சிறு துண்டைப் படிக்க முடியாவிட்டால் கையை விரித்துவிடும். இதுவோ வட்டில் காந்தம் திசை மாறும் இடங்களை அப்படியே பதிவு செய்கிறது. ஒரே டிராக்கை, அதாவது வட்டின் ஒரு வளையத்தைப் பல சுற்றுச் சுற்றவைத்து, எந்தச் சுற்றில் எது சரியாக வந்தது என்று பிறகு சலித்துக்கொள்ளலாம். அதன் நிரல் முழுவதும் பொதுவில் கிடக்கிறது. எட்டில் ஏழு வட்டுகள் தேறின.

கோப்புகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. அந்த மென்பொருள் இப்போது யாரிடம் இருக்கிறது? லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் 2015-இல் வந்த 4.4-ஆம் பதிப்பு முதல் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதி இருப்பதாகப் படித்து முயன்றேன். திறந்தது. ஆனால் வந்தது தமிழ் இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளின் குப்பை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பாமினி வகை எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல் அப்படித்தான் சேமிக்கப்பட்டிருக்கும்.

எழுத்துக்கு எழுத்து மாற்றிவிடலாம் என்று நினைத்துப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய்யைத் தட்டுவார்கள். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். இதை இடம் மாற்றினேன். ‘கொ’வுக்குக் கொம்பும் காலும் தனித்தனியே இருப்பதை ஒன்றாக்கினேன். ‘கௌரவம்’ சரியாக வர வேண்டுமே என்று கொம்பு, மெய், ள மூன்றையும் ஔகாரமாக்கச் சொன்னேன். ஓட்டிப் பார்த்தால் அப்பாவின் ‘வெளியூர்’ எல்லாம் ‘வௌியூர்’ ஆகிவிட்டது! இணையத்தில் ‘வௌியீடு’ என்று பார்த்து எத்தனை முறை எரிச்சல்பட்டிருப்பேன். அந்தப் பாவத்தை நானே செய்தேன். ள-வுக்குப் பின்னால் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் ஔகாரம் இல்லை என்று ஒரு வரி சேர்த்ததும் பெரும்பாலும் சரியானது. மிச்சத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன்.

எட்டாவது வட்டு மட்டும் இன்னும் கிடக்கிறது. 0-ஆவது டிராக் முழுவதும் போய்விட்டது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

சிவப்புச் சாவி (திருச்சி)

தம்பி, உங்கள் வட்டுக்கு என்னிடம் மருந்து இல்லை. என் கதை அதற்கும் முந்தையது.

1984-இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கிச் சுமார் 250 பள்ளிகளுக்குக் கணினி கொடுத்தது. பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் உருவாக்கிய பிபிசி மைக்ரோ. 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 சில்லு, 32 கேபி நினைவகம், விசைப்பலகையின் மேல்வரிசையில் செக்கச்செவேல் என்று பத்துச் சாவிகள். எங்கள் பள்ளிக்கு வந்தபோது நான் பதினோராம் வகுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். ஐந்து பேருக்கு ஓர் இயந்திரம். சுவிட்சைப் போட்டால் தாழ்ந்த சுருதியில் ஒன்றும் உயர்ந்த சுருதியில் ஒன்றுமாக இரண்டு ஒலி. அதைக் கேட்கவே சிலர் வாசலில் நிற்பார்கள்.

அந்த 32 கேபியில் படம் வரைவது ஒரு குடும்பப் பட்ஜெட் போலத்தான். வண்ணம் அதிகமுள்ள திரைமுறையைத் தேர்ந்தெடுத்தால் திரைக்கே 20 கேபி போய்விடும். எழுத்து மட்டும் போதும் என்று ஏழாம் முறைக்குப் போனால் ஒரே ஒரு கேபி. முதலில் திரைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் நிரலே எழுதத் தொடங்குவோம். இப்போது என் தொலைபேசியில் மணி காட்டுகிற செயலி எத்தனை எம்பி என்று பார்த்தால் வயிறு எரிகிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு அதே போன்ற இயந்திரம் ஒன்று பழைய சாமான் கடையில் எடைக்குப் போக இருந்தது. மீட்டு வந்தேன். மின்சாரம் கொடுத்ததும் அந்த இரண்டு ஒலி கேட்டது! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருபது நிமிடம் ஆகியிருக்காது. டப் என்று ஒரு சத்தம். பின்புறத்திலிருந்து குப்பென்று புகை, மீன் கருகியது போல ஒரு நாற்றம். மூன்று நாள் வீட்டுக்குள் அந்த நாற்றம் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால் கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

விசாரித்ததில், உலகம் முழுவதும் இந்தப் பெட்டிகளுக்கு இதே வியாதி என்று தெரிந்தது. மின்வழங்கியில் இரைச்சலை வடிகட்ட மஞ்சள் நிறத்தில் காகித மின்தேக்கி இரண்டு இருக்கும். காலப்போக்கில் மேலுறை வெடித்து, ஈரம் உள்ளே இறங்கி, ஒருநாள் புகைந்துவிடும். எக்ஸ்2 வகைப் புதிய மின்தேக்கி இரண்டு வாங்கி மாற்றினேன், அவ்வளவுதான். பழைய பெட்டி எது கிடைத்தாலும் முதலில் மின்வழங்கியைத் திறந்து பாருங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு!

போகிற போக்கில் ஒன்று. இந்த இயந்திரத்துக்கு பேசிக் மொழியை எழுதியவர் சோஃபி வில்சன். அவரும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஏ.ஆர்.எம். சில்லு 1985 ஏப்ரலில் உயிர்பெற்றது. அதை ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் சோதித்தார்கள். இப்போது எல்லார் சட்டைப்பையிலும் இருப்பது அந்த வம்சம்.

பாதிப்பெயர் (சென்னை)

நான் சுருக்கமாக. 1999, கணினி இதழோடு வந்த லினக்ஸ் குறுந்தட்டு, இரவு பதினொன்றரை மணி. நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்தால் கறுப்புத் திரையில் ‘எல்’, ‘ஐ’ என்று இரண்டே எழுத்து. லிலோ என்ற தொடக்க நிரல் தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டே ஏறும். எந்த எழுத்தில் நிற்கிறதோ அந்தப் படியில் கோளாறு. ஹார்டு டிஸ்கில் தொடக்க நிரலால் எட்ட முடியாத இடத்தில், 1,024-ஆவது சிலிண்டருக்கு அப்பால், லினக்ஸின் கருவான கெர்னலை வைத்துவிட்டேன் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. விண்டோஸும் போய்விட்டது. அதில் அண்ணனின் கல்லூரி புராஜெக்ட் இருந்தது. அண்ணன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

எடைமேடை (விருதுநகர்)

எங்கள் பக்கத்து அண்ணாச்சி ஒருவரிடம் லாரி எடைமேடை இருக்கிறது. 1994-இல் ஒரு பொறியியல் மாணவர் டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்க மென்பொருளில் எழுதிக் கொடுத்த நிரல். எடைக்கருவி சீரியல் போர்ட்டில் எண்ணை அனுப்பும். நிரல் வாங்கி, வண்டி எண், காலி எடை, சரக்கு எடை போட்டு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் மூன்று நகல் அடிக்கும். இருபது ஆண்டு ஒரு குறையும் இல்லை. 486 பெட்டி ஒருநாள் மூச்சை நிறுத்தியது. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. மூல நிரலும் இல்லை.

சென்னை ரிச்சி தெருவில் சீரியல் போர்ட்டும் பேரலல் போர்ட்டும் உள்ள பழைய பென்டியம் 4 பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். நிரலுக்கு வேண்டிய டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் ஃபிளாப்பி செத்துப்போயிருந்ததால், அதற்கு மாற்றான ஃபிரீடாஸ் நிறுவினேன். 1994-இல் எம்.எஸ்.-டாஸுக்கு இனி எதிர்காலம் இல்லை என்று தெரிந்ததும், ஜிம் ஹால் என்ற இயற்பியல் மாணவர் நாமே ஒன்று எழுதுவோம் என்று அறிவித்துத் தொடங்கியது அது. இன்றும் புதிய பதிப்பு வந்துகொண்டிருக்கிறது.

நிரலை ஓட்டினேன். ‘இயக்கப் பிழை 200’ என்று சொல்லி நின்றது. பூஜ்யத்தால் வகுத்த பிழையாம். எடைமேடையில் எங்கே வகுத்தல்? தேடியபோதுதான் காரணம் புரிந்தது. டர்போ பாஸ்கலின் திரைத் தொகுதி, தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளக்கும். கடிகாரத்தின் ஒரு துடிப்பான 55 மில்லிவினாடிக்குள் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி 55-ஆல் வகுக்கும். வேகமான சில்லில் விடை 16 பிட்டுக்குள் அடங்காது. சில்லு அதை வகுத்தல் பிழை என்று கத்தும். அதாவது கணினி மெதுவாக இருந்ததால் அல்ல, வேகமாக இருந்ததால் செத்தது! அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, “வேகமா ஓடுற மாட்டை யாரு தம்பி குறை சொல்லுவா?” என்று கேட்டார்.

இந்தப் பிழைக்கென்றே நிரல் கோப்பில் சில பைட்டுகளை மட்டும் திருத்தும் ஒட்டு இருக்கிறது. போட்டேன், ஓடியது. ஆனாலும் உறுத்துகிறது. ஃபிரீடாஸ் எப்படி வேலை செய்கிறது என்று வரி வரியாகப் படிக்கலாம். நாளைக்கு எடைக்கருவியை மாற்றினால் அண்ணாச்சியின் நிரலை என்னால் தொடக்கூட முடியாது.

நீலத்திரை (கரூர்)

டர்போ என்றதும் எழுதத் தோன்றியது. நான் மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. எங்கள் பிளஸ் டூ பாடத்தில் பல ஆண்டுகள் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. விற்பனைக்கு வந்த அந்த மென்பொருளின் மூல நிரலை 2000-இல் சன் நிறுவனம் வெளியிட, அது ஓப்பன் ஆபீஸாகி, 2010-இல் லிப்ரே ஆபீஸாகப் பிரிந்தது. உப்புக்காற்று ஐயா அப்பாவின் புத்தகத்தைத் திறந்தது அந்தக் கிளையில்தான். ‘யாரும் வேலைக்குப் பயன்படுத்தாததை ஏன் படிக்க வேண்டும்?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியாது.

அதே காலத்தில் சி++ நடத்தியது நீலத்திரை டர்போ சி-யில். புதிய கணினிகளில் அது ஓடாமல் போனதும் பழைய டாஸ் கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் வைத்து ஓட்டினோம். பழம்பொருள் ஆர்வத்தால் அல்ல, செய்முறைத் தேர்வுக்காக! இப்போது பாடம் பைத்தானுக்கு மாறிவிட்டது.

ஆய்வகத்தில் 32 பிட் பெட்டிகள் நான்கு ஒதுங்கிக் கிடந்தன. டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டு ஓடவைத்தேன். 2025-இல் வந்த டெபியன் 13-இல் அந்தக் கணினிகளுக்கான நிறுவியே இல்லை. அடுத்து நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை முயல எண்ணம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றுவரி (கொழும்பு)

நெட்பிஎஸ்டி எனக்குத் தெரியாது, அக்கா. நான் ஹைக்கூ என்ற இயங்குதளத்தின் ஆள். பி நிறுவனத்தை 2001-இல் பாம் நிறுவனம் வாங்கியதும், அதன் பிஓஎஸ் இயங்குதளம் அநாதையானது. ரசிகர்கள் அதை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கியதுதான் ஹைக்கூ. முதல் பீட்டா வர 2018 ஆனது. பதினேழு ஆண்டு! பிஓஎஸ்ஸின் உலாவி, பக்கம் கிடைக்காவிட்டால் பிழைச்செய்தியை ஹைக்கூ கவிதையாகச் சொல்லும். பெயர் அங்கிருந்து வந்தது. என் பழைய நெட்புக்கில் விசையை அழுத்திவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. வங்கிப் பக்கத்தை அதில் திறக்க முயலாதீர்கள்.

பாதிப்பெயர் (சென்னை)

உப்புக்காற்று அண்ணா, எட்டாவது வட்டைப் பற்றி யோசித்தேன். 1.44 எம்பி ஃபிளாப்பியில் கோப்பு அட்டவணையின் இரண்டு நகலும் பெயர்ப் பட்டியலும் 0-ஆவது டிராக்குக்குள்ளேயே (இரு பக்கமும் சேர்த்து) முடிந்துவிடும். போனது அட்டவணைதான். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 33-ஆவது செக்டார் முதல் வருவது கோப்புகளின் உள்ளடக்கம். வட்டின் முழுநகலான பிம்பத்தை, பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, அந்த ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளியையே தேடிப் பாருங்கள். அப்பா ‘தமிழ்’ என்று ஓரிடத்திலாவது எழுதாமலா இருந்திருப்பார்?

உப்புக்காற்று (நாகப்பட்டினம்)

நேற்றிரவு தேடினேன். பதினோரு இடத்தில் இருக்கிறது. முதல் இடத்தைச் சுற்றி நாலு பக்க அளவு வெட்டி என் நிரலில் ஓட்டினேன். பெரிய குளத்தின் மதகை யார் கட்டியது என்ற அத்தியாயம். நடுவில் ஒரு வரி மட்டும் சதுர அடைப்புக்குள் இருக்கிறது: ‘இதை அம்மாவிடம் கேட்டு எழுத வேண்டும்.’ பாட்டியைச் சொல்கிறார். பாட்டி 2003-இல் போய்விட்டார். மீதிப் பத்து இடங்களை இந்த வாரம் பார்க்கிறேன்.