தொடக்கநிலை 4 மாணவிக்கு நிரலாக்கம்: வீட்டில் எப்படித் தொடங்குவது?

ஈசூன் தந்தை:
என் மகள் காணொளியைப் பார்த்து, ஸ்கிராட்ச் எனும் சிறுவர்களுக்கான நிரலாக்க மொழியில் விளையாட்டுகளை அப்படியே உருவாக்கிவிடுகிறாள். ஆனால், ஒரு கட்டளையை ஏன் அந்த இடத்தில் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. துணைப்பாட வகுப்பில் சேர்க்குமுன், அடிப்படைக் கருத்துகளை நானே தமிழில் கற்பிக்க வழி உண்டா?

கணினி ஆசிரியை:
வணக்கம் ஐயா. காணொளியைச் சில வாரங்கள் ஒதுக்கிவிட்டு, வரைதலில் தொடங்குங்கள். ‘100 படி நகர், 90 பாகை திரும்பு’ என்பதை 4 முறை செய்தால் சதுரம் கிடைக்கும். அடுத்து சமபக்க முக்கோணம் வரையச் சொல்லுங்கள். பிள்ளைகள் பலர் உள்கோணமான 60 பாகையையே கொடுப்பார்கள், உருவம் மூடாது. அப்போது விடையைச் சொல்லிவிடாமல், தரையில் வரைந்த முக்கோணத்தின்மேல் அவளையே நடக்கவிட்டால், மூலையில் திரும்ப வேண்டியது வெளிக்கோணமான 120 பாகை என்பதை அவளே கண்டுகொள்வாள். நிரலை இயக்குமுன், என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதச் சொல்வது மிக முக்கியம். ஊகம் பொய்க்கும் இடத்தில்தான் உண்மையான கற்றல் நிகழ்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தெம்பனிஸ் தாய்:
‘மாறி’ என்ற கருத்துக்கு, விளையாட்டின் மதிப்பெண்ணே போதும்: பெயர் மாறாது, அதிலுள்ள எண் மாறும்.

தொண்டூழியர்:
துணைப்பாட வகுப்புக்கு அவசரம் வேண்டாம், ஐயா. சிங்கப்பூரில் 2020 முதல் தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்பு (தொடக்கநிலை 4 முதல் 6 வரை) மாணவர்களுக்குப் பள்ளியிலேயே 10 மணி நேர நிரலாக்கப் பயிற்சி உண்டு. அதுவரை, ஆசிரியை கூறிய முக்கோணத்துக்குப்பின் ஐங்கோணம், அறுகோணம் என்று தொடருங்கள். 360ஐப் பக்க எண்ணிக்கையால் வகுக்கும் விதியை அவளே கண்டுபிடிக்கட்டும்.