கியூபெக் முன்னோரைத் தேடியவர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு:

என் கணவர் கனடாவில் பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்தவர். என் மாமியாரின் முன்னோரைத் தேடத் தொடங்கியபோது நாங்கள் கோயில்களின் திருமுழுக்குப் (ஞானஸ்நானப்) பதிவுகளைத்தான் முதலில் திறந்தோம். ஒரே வீட்டில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஜோசப் என்றும், பெண்பிள்ளைகள் எல்லோரும் மரீ என்றும் எழுதப்பட்டிருந்தார்கள். அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களில் இது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. முதலில் ஜோசப் அல்லது மரீ வரும்; அதையடுத்துப் பெரும்பாலும், திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தை அல்லது ஞானத்தாயின் பெயர் வரும்; வீட்டிலும் ஊரிலும் அழைத்த பெயர் பொதுவாகக் கடைசியில்தான் இருக்கும். குழந்தை இறந்துபோனால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் உண்டு. ஆகவே அடக்கப் பதிவையும் பார்க்காமல், இன்னார்தான் நம் பாட்டனார் என்று முடிவு கட்டுவது ஆபத்து.

எங்களுக்கு உண்மையில் வழி திறந்தவை திருமணப் பதிவுகளே. முதல் திருமணமானால் மணமகன், மணமகள் இருவரின் பெற்றோர் பெயர்களும் வழக்கமாக அதில் இருக்கும். தாய்மாரும் தம் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயராலேயே குறிக்கப்பட்டிருப்பார்கள். அதனால் ஒரு திருமணத்திலிருந்து அதற்கு முந்தைய தலைமுறையின் திருமணத்துக்கு ஏறிச் செல்ல முடிகிறது. கைம்பெண்ணின் மறுமணம் என்றால், பெற்றோரை விட்டுவிட்டு இறந்த கணவரின் பெயரை மட்டும் பங்குத்தந்தை (ஊர்க் கோயிலின் குருவானவர்) எழுதியிருப்பது சகஜம். அங்கே முந்தைய திருமணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பதிவேட்டை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றை அரசு அதிகாரிகளிடம் ஒப்படைக்கும் முறை 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. கோயில் தீப்பற்றி எரிந்த ஊர்களில்கூடப் பதிவுகள் பிழைத்திருப்பதற்கு அதுவே காரணம். மொன்ரியால் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்று ஆய்வுத் திட்டம் இப்பதிவுகளைக் குடும்பவாரியாக இணைத்து வைத்திருப்பது, எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்குப் பெரிய உதவி.

ஆனால் 18ஆம் நூற்றாண்டை எட்டியதும் குடும்பப்பெயரே இரண்டாகப் பிரிந்தது. ஒரே பெற்றோரின் பிள்ளைகளில் மூத்தவர் உதோன் என்றும், இளையவர் போலியூ என்றும் கையெழுத்திட்டிருந்தனர். முழுப்பெயர் 'உதோன் தி போலியூ'. 'தி' என்றால் 'எனப்படும்' என்று பொருள். இத்தகைய இரட்டைப் பெயர்களில் பல படைவீரர்களின் பட்டப்பெயர்களிலிருந்து வந்தவை. 1665இல் நியூ பிரான்சுக்கு (வட அமெரிக்காவில் அன்றிருந்த பிரெஞ்சுக் குடியேற்றம்) வந்த கரிஞான்-சாலியேர் படைப்பிரிவின் வீரர் ஏறத்தாழ 1,200 பேரில் சுமார் 400 பேர் அங்கேயே குடியேறினார்கள். லாஃப்ளேர், ஜோலிகேர் போன்ற பெயர்கள் அத்தகைய பட்டங்களே. நிலம், இடம், தந்தையின் முதற்பெயர் ஆகியவற்றிலிருந்து பிறந்த பெயர்களும் உண்டு. எனவே ஒரு கிளை திடீரென்று மறைந்தால், அது அற்றுப்போனது என்று எண்ணாமல் இரண்டாவது பெயரில் தேடிப் பார்ப்பதே முறை.

இரண்டாவது பகிர்வு:

மேலே எழுதிய சகோதரி கியூபெக்குக்குள்ளேயே தேடியிருக்கிறார்; நான் உதவிய நண்பரின் குடும்பமோ எல்லை தாண்டியது. 1840 முதல் 1930 வரை சுமார் 9 லட்சம் பேர் கியூபெக்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் லோவெல், மான்செஸ்டர், வூன்சாக்கெட் போன்ற, அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஆலை நகரங்களில் வேலை தேடியவர்கள். அங்கே பெயரின் பொருளை ஆங்கிலத்தில் பெயர்த்ததால் புவாவேர் கிரீன்வுட் ஆனார், ருவா கிங் ஆனார்; பெனுவா என்ற பெயரைக் காதில் விழுந்தபடியே பென்வே என்று எழுதிவிட்டார்கள். நண்பரின் தாத்தா மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிங் என்றே இருந்ததால், கனடாப் பதிவுகளில் எங்கே தேடுவது என்று வெகுநாள் தெரியவில்லை. அந்நகரில் பிரெஞ்சு மொழி பேசுவோருக்கென்றே இருந்த கத்தோலிக்கப் பங்கின் (கோயில் வட்டாரத்தின்) திருமணப் பதிவேட்டைப் பார்த்தபோது, அங்கிருந்த குருவானவர் ருவா என்றே எழுதி, பெற்றோர் பெயரையும் அவர்கள் விட்டுவந்த கியூபெக் பங்கையும் சேர்த்துக் குறித்திருந்தார். அமெரிக்கக் கிளையைத் தேடுவோர் அரசு ஆவணங்களோடு நின்றுவிடாமல் அந்தப் பங்கின் பதிவேட்டை முதலில் கேட்டு வாங்குவது நல்லது.