மறு: தரவுத்தளச் சொற்பட்டியல்: க்ளீன் ஷட்டவுன் (தரவுத்தளத்தை ஒழுங்காக நிறுத்துதல்) - தமிழில்?

> 'தூய நிறுத்தம்' என்று முன்மொழிகிறேன். 'சுத்தமான' வேண்டாம், 'சுத்தமாக நின்றுவிட்டது' என்றால் அடியோடு போய்விட்டது என்றாகிவிடும்.

தூய்மைக்கும் இங்கே வேலையில்லை, ஐயா. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அதை நிறுத்த மூன்று சமிக்ஞைகள் உண்டு. சிக்டெர்ம் வந்தால் எல்லா இணைப்புகளும் தாமாக விலகும்வரை அது காத்திருக்கும். சிக்இன்ட் வந்தால் நடப்புப் பரிமாற்றங்களை ரத்துசெய்து, இணைப்புகளை அறுத்து, செக்பாயின்ட் எழுதிவிட்டு (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் சேர்த்துவிட்டு) நிற்கும். சிக்குவிட் வந்தால் செக்பாயின்ட் கிடையாது. அடுத்தமுறை எழும்போது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வால் (WAL) பதிவுகளை மறுபடி ஓட்டித்தான் மீளும். பயனரின் வேலை பாதியில் போனாலும் இரண்டாவது வகை ஒழுங்கான நிறுத்தமே. ஆகவே 'முறைநிறுத்தம்'; எதிர்ச்சொல் 'முறிநிறுத்தம்'.

---

> முறைநிறுத்தம் x முறிநிறுத்தம்

முதல் சொல் அருமை. இரண்டாவது ஆபத்து. இரவு 2 மணிக்குப் பதிவேட்டைப் புரட்டுகிறவர் கண்ணுக்கு றையும் றியும் ஒன்றுதான். 'திடீர் நிறுத்தம்' போதாதா?

---

திடீரென்று எதுவும் நடப்பதில்லையே. தானியங்கிப் புதுப்பிப்பு மறுதொடக்கத்தைக் கிளப்புகிறது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி சிக்டெர்ம் அனுப்புகிறது. இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புக் குளம் ஒன்று பிடியை விடாமல் இருக்கிறது. இயல்பான கெடு 90 விநாடி முடிந்ததும் சிக்கில் (SIGKILL, உடனே கொல்லும் சமிக்ஞை) விழுகிறது. முன்னறிவித்த கொலை! சிங்க்ரனஸ்_கமிட் அமைப்பை அணைக்காதவரை உறுதிசெய்த தரவு போகாது, எழுவதுதான் தாமதம். சொந்தமாக யூனிட் கோப்பு (சிஸ்டம்டிக்கான சேவை அமைப்புக் கோப்பு) எழுதுவோர், நிறுத்தும் சமிக்ஞையைச் சொல்லும் கில்சிக்னலை சிக்இன்ட் ஆக்கி, நிறுத்தக் கெடுவான டைம்அவுட்ஸ்டாப்செக்கை 600 விநாடி போல உயர்த்த வேண்டும். நிறுத்துமுன் கையால் ஒரு செக்பாயின்ட் ஓட்டினால் கடைசிச் செக்பாயின்டுக்கு எழுத மிச்சம் குறையும். கன்டெய்னரை நிறுத்தும் டாக்கர் ஸ்டாப் கட்டளை இயல்பாகத் தரும் கெடு வெறும் 10 விநாடி. அங்கே இன்னும் கவனம் தேவை.

'முறையற்ற நிறுத்தம்' என்றே வைக்கலாம். நீளம்தான், குழப்பமில்லை.

---

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இந்தச் சொற்களை உரசிப் பார்த்தேன். நிறுத்தும் விதத்தைச் சொல்லும் இன்னோடிபி_ஃபாஸ்ட்_ஷட்டவுன் அமைப்பில் 0, 1 இரண்டும் முறைநிறுத்தம். 2 வைத்தால் பதிவுகளை மட்டும் வட்டில் தள்ளிவிட்டு, விழுந்ததுபோல நின்றுவிடும். நிர்வாகியே கட்டளையிட்டிருந்தாலும் அது முறையற்றதே. எனவே வரையறையில் 'கட்டளைப்படி' என்ற சொல் வரக்கூடாது. என் வரைவு:

முறைநிறுத்தம்: அடுத்த தொடக்கத்தில் மீட்பு ஓட்டம் தேவைப்படாத நிலையில் தரவுத்தளத்தை நிறுத்துதல். போஸ்ட்கிரெஸில் சரிபார்க்க: பிஜி_கன்ட்ரோல்டேட்டா கருவி காட்டும் நிலை 'ஷட் டவுன்' என்றிருந்தால் முறையானது; நின்ற பின்னும் 'இன் ப்ரொடக்ஷன்' என்றிருந்தால் முறையற்றது.

வினையாக 'முறைநிறுத்து' வேண்டாம், 'முறையாக நிறுத்து' போதும். டைம்அவுட்டுக்கு மேலே வந்த 'கெடு'வையும் பட்டியலில் சேர்க்கலாமா?