மொட்டை மாடியும் இன்சாட் படமும்: எங்கே ஒத்துப்போகாது?

ஐப்பசிமழை:
மொட்டை மாடியிலிருந்து நாம் பார்த்துக் குறிக்கும் மேகமும் இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள் எடுக்கும் படமும் சில நேரம் ஒத்துப்போகாது. செயற்கைக்கோள் பார்ப்பது மேகத்தின் தலையை. அடியை நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வங்கக் கடலில் இடிமேகம் கொட்டித் தீர்த்த பிறகு அதன் தலைப்பகுதி பாய் விரித்தாற்போல் கரைக்கு வரும். வெப்பத்தைப் பதியும் அகச்சிவப்புப் படத்தில் குளிர்ந்ததெல்லாம் வெள்ளை. அதனால் சென்னைக்கே சுண்ணாம்பு அடித்தது போல் தெரியும். கீழே சுள்ளென்று வெயில்.

இதைச் சோதிக்க நிழல் போதும். விளக்குக் கம்பத்தின் நிழல் தெளிவாக விழுந்தால் மேலே இருப்பது கீற்றுப்படை மேகம் (உயரத்தில் மெல்லியதாகப் பரவும் சிர்ரோஸ்ட்ராட்டஸ்). சூரியன் எண்ணெய்த்தாளுக்குப் பின்னால் வைத்த பல்பு மாதிரி மங்கி, நிழலே விழாவிட்டால் ஆல்டோஸ்ட்ராட்டஸ், அதாவது நடு உயரப் படை மேகம். சூரியனைச் சுற்றி வட்டம் கட்டியிருந்தால் அது பனித்துகள் மேகம், அதாவது கீற்றுப்படைதான். வட்டத்தின் ஆரம் 22 பாகை. கையை நீட்டிப் பிடித்த ஒரு சாண். சூரியனைத் தூணுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அளந்து பாருங்கள், வெறும் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள்.

நிஜச் சிக்கல், அந்தப் பாய் மெல்லியதாக இருந்து அதன் கீழே திரள் மேகமும் (பஞ்சுப் பொதி போன்ற குமுலஸ்) நிற்கும்போது. கீழிருந்து வரும் வெப்பமும் மேலே உள்ள குளிரும் கலந்து கோளுக்குப் போகும். அது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வெப்பநிலையைப் படித்து, நடு உயரத்தில் இல்லாத மேகம் ஒன்றை வைத்துவிடும். “மேலே கீற்று, கீழே திரள், நடுவில் ஒன்றுமில்லை” என்று தரையிலிருந்து எழுதும் ஒரு வரிக்கு மதிப்பு இங்கேதான்.

மாடித்தோட்டம்:
மார்கழி விடியலில் நேரெதிர். தரையை ஒட்டிய படை மேகம், மூடுபனி இரண்டுக்கும் தரைக்கும் வெப்பநிலையில் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். அகச்சிவப்புப் படம் வானம் தெளிவு என்று சொல்லும், எதிர்வீடு கூடத் தெரியாது. சின்னத் திரள் மேகமும் இப்படித்தான் தப்பும்: இன்சாட் 3டி வகைக் கோள்களில் அகச்சிவப்புப் படத்தின் புள்ளி ஒன்று 4 கி.மீ. அகலம், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 கி.மீ. 300 மீட்டர் அகல மேகம் அதற்குள் கரைந்துபோகும்.

தென்மேற்கு:
நேரத்தைக் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். படத்தில் யுடிசி (உலகப் பொது நேரம்) இருந்தால் 5.30 மணி கூட்டுங்கள். கோளுக்குத் தெரியும் பூமியின் முழு வட்டத்தையும் வரிவரியாக ஸ்கேன் செய்ய ஏறக்குறைய 26 நிமிடம் ஆகிறது. நம் ஊர் வரி வருவது கிட்டத்தட்ட பாதி வழியில். தொடங்கிய நேரத்தையே நம் நேரமாக எடுத்தால் பத்து நிமிடம் பிசகும். மதியத் திரள் மேகம் பத்து நிமிடத்தில் ஆளே மாறிவிடும்.

இடமும் பிசகும். இன்சாட் 3டிஎஸ் கோள் 82 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், நிலநடுக்கோட்டின் மேல் நிற்கிறது. அங்கிருந்து சாய்வாகப் பார்ப்பதால் சென்னைக்கு மேலே 15 கி.மீ. உயரத்தில் உள்ள மேகத் தலை, படத்தில் சுமார் 4 கி.மீ. வடக்கே தள்ளி விழும். தாழ்ந்த மேகத்துக்கு இது பொருட்டே இல்லை.

ஐப்பசிமழை:
@தென்மேற்கு சரி. மேகத்தின் அடி எவ்வளவு உயரம் என்பதற்கும் ஒரு கணக்கு: மதியத் திரள் மேகத்துக்கு மட்டும், வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து 125ஆல் பெருக்குங்கள். 32, 24 என்றால் 8 × 125, மேகத்தின் அடி சுமார் 1000 மீட்டரில்.

மாடித்தோட்டம்:
வகை பிரிக்க விரல் போதும். அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேலே உள்ள துணுக்குகளைப் பாருங்கள். நீட்டிய கையின் சுண்டுவிரலுக்குள் ஒரு துணுக்கு அடங்கினால் உயரே உள்ள கீற்றுத்திரள். மூன்று விரல் அகலம் வரை போனால் நடு உயரத்து ஆல்டோகுமுலஸ். அதைவிடப் பெரிதானால் தாழ்ந்து நிற்கும் திரள்படை.

எவ்வளவு மூடியிருக்கிறது என்பதில் எல்லோரும் கூட்டித்தான் சொல்வோம். அடிவானத்தருகே மேகங்களின் பக்கவாட்டும் தெரிவதால் இடைவெளி மறைகிறது. வானத்தை நான்கு கால்பங்காகப் பிரித்துத் தனித்தனியாக மதிப்பிட்டுச் சராசரி எடுங்கள். தலைக்கு மேலே தெரியும் இடைவெளியை அதிகம் நம்புங்கள்.

தென்மேற்கு:
மேகம் பார்த்துப் பதிவதற்கான நாசாவின் குளோப் அப்ஸர்வர் செயலியில் போடுவோர், பூமியைச் சுற்றிவரும் கோள் (ஒரே இடத்தில் நிற்கும் இன்சாட் அல்ல) நம் ஊரைக் கடக்கும் நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் பதிந்தால் நாசாவின் ஒப்பீடு மின்னஞ்சலில் வரும். நான்கு திசை, மேலே, கீழே என ஆறு படம். விமானம் விட்டுப்போன வெள்ளைக் கோடு (நம் பிள்ளைகளுக்கு அது ராக்கெட்!) உடனே மறைகிறதா, நிற்கிறதா, பரவுகிறதா என்பதையும் குறியுங்கள். மேகமே இல்லாத நாளிலும் பதியுங்கள். தூசு, புகைமூட்டத்தைக் கோள் மேகம் என்று எடுத்துக்கொண்டதா என்பது அப்போதுதான் தெரியும்.