ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ரிவர்ஸ் எப்படி விழுகிறது?

பட்டறைத்தம்பி:
அண்ணன்மாரே, ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருக்கிறேன். மேசைமேல் 4எல்60-இ என்ற ஜி.எம். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். மேனுவல் கியரில் ரிவர்ஸுக்கு ஐட்லர் என்று ஒரு பல்சக்கரம் நடுவில் வந்து திசையைத் திருப்பும், அது புரிகிறது. இதில் அப்படி ஒன்றையும் காணோம். லீவரை ஆர்-க்குத் தள்ளினால் ஆயில் எங்கே போய் என்ன செய்கிறது?

கருங்கை:
தம்பி, பம்பிலிருந்து தொடங்கு. எஞ்சின் சுற்றை ஆயில் மூலம் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் கழுத்துதான் பம்பைச் சுற்றுகிறது, அதனால் எஞ்சின் ஓடினால்தான் அழுத்தம். லீவர் கேபிள், வால்வு பாடியில் (ஆயில் வழிகளும் வால்வுகளும் உள்ள கட்டை) இருக்கும் மேனுவல் வால்வை நகர்த்துகிறது. அது ஆர்-ல் நின்றதும் ஆயில் இரண்டு கிளட்சுக்குப் போகும். ஒன்று முன்பக்க டிரம்மில் இருக்கும் ரிவர்ஸ் இன்புட் கிளட்ச், மற்றது பின்னால் கேஸுக்குள் (கியர் பாக்ஸின் வெளிக்கூடு) இருக்கும் லோ-ரிவர்ஸ் கிளட்ச். ஆயில் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பிளேட்டுகளை இறுக்கும். பிளானட்டரி என்பது நடுவில் சன் கியர், அதைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்களைத் தாங்கும் கேரியர், வெளியே ரிங் கியர் என்ற தொகுப்பு. முதலாவது கிளட்ச் உள்ளே வரும் சுற்றை பின் பிளானட்டரியின் சன் கியருக்குக் கொடுக்கிறது, இரண்டாவது கேரியரை கேஸோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கேரியர் அசையாததால் அதில் உள்ள சின்னப் பல்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்று ரிங் கியரை எதிர்ப்பக்கம் ஓட்டும். நீ தேடிய ஐட்லர் அவைதான்! ரிவர்ஸின் கியர் விகிதம் 2.29, அதாவது உள்ளே 2.29 சுற்றுக்கு வெளியே ஒரு சுற்று.

சுலைமான்_கேரேஜ்:
ஒன்று சேர்த்துக்கொள். அதே ரிவர்ஸ் ஆயில் ஆயில் அழுத்தத்தை அளவாக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரோடு இருக்கும் பூஸ்ட் வால்வையும் தள்ளி, லைன் பிரஷரை (கிளட்சுகளை இறுக்கும் ஆயில் அழுத்தம்) டி-ல் இருப்பதைவிட உயர்த்தும். டி-ல் முதல் கியருக்கு ஸ்பிராக், ரோலர் கிளட்ச் என்று ஒருபக்கம் மட்டும் சுழல விடும் இரும்பு இருக்கிறது, அது தானாகவே பூட்டிக்கொள்ளும். ரிவர்ஸில் அந்த உதவி கிடையாது, பிடிப்பு முழுக்க ஆயிலுடையது. கியர் மாற்றும் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் நின்றுபோனாலும் ரிவர்ஸ் விழுவது மேனுவல் வால்வு வழியாக வருவதால்தான்.

பட்டறைத்தம்பி:
இப்போது புரிகிறது அண்ணா. அப்போ டி நன்றாக இழுத்து ஆர் மட்டும் வழுக்கினால் எந்தக் கிளட்சைப் பார்ப்பது?

கருங்கை:
லீவரை 1-ல் போட்டு ஓட்டி ஆக்சிலேட்டரை விடு. எஞ்சின் பிரேக் பிடித்தால் (எஞ்சினே வண்டியின் வேகத்தைக் குறைத்தால்) லோ-ரிவர்ஸ் நன்றாக இருக்கிறது, அந்த இடத்தில் அதுவும் வேலை செய்யும். அப்போது சந்தேகம் ரிவர்ஸ் இன்புட் பக்கம், அதன் பிஸ்டன் சீலையும் பம்பின் தண்டில் உள்ள ரிங்குகளையும் பார். ஆர் கூடவே 2, 4 கியரும் போயிருந்தால் சன் கியருக்குச் சுற்றைக் கொண்டுபோகும் சன் ஷெல்லின் பல் வழித்திருக்கும், அதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை. மறுபடி பூட்டும்போது ஆயில் வழியில் காற்றை அளவாக விட்டுப் பார், பிஸ்டன் 'டப்' என்று அடிக்க வேண்டும். வெறும் சீறல் மட்டும் கேட்டால் பெட்டியை மூடாதே.